நவஹோ நாட்டில் வி.பி.எஸ். ஊழியம்: போகுமுன் கேட்கப்படும் கேள்விகள்

நான் வசிப்பது அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில். கோடை விடுமுறையில் ஒரு வாரம், சின்லி ஊருக்கு அப்பால் நவஹோ மக்களின் சிறிய சபை ஒன்று நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, அதாவது வி.பி.எஸ்.ஸுக்கு, போய்வருகிறேன். கைவேலை வகுப்பு என் பொறுப்பு. மற்ற நேரம் சமையலறை. எங்கள் தமிழ்ச் சபையிலும் வேறு ஊர்ச் சபைகளிலும் இருப்பவர்கள் ஏப்ரல் பிறந்ததும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் தொண்டை மிஞ்சும். அந்தச் சபையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை.

நவஹோ நாடு தனி நாடா?

அமெரிக்காவுக்குள் தன்னாட்சி உள்ள பழங்குடி நாடு. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. பரப்பு சுமார் 71,000 சதுர கிலோமீட்டர். இலங்கையைவிடச் சற்றுப் பெரியது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்களோ சுமார் 1,65,000 பேர்தான். விண்டோ ராக் தலைநகரம். அவர்களுக்கென்று அதிபர், சட்டமன்றம், நீதிமன்றம், காவல்துறை எல்லாம் உண்டு. அதற்குக் கீழே சாப்டர் எனப்படும் 110 உள்ளூர் அமைப்புகள். நம் கிராம சபைபோல் ஊர்க்காரர்கள் கூடி ஊர் விஷயம் பேசும் இடம் அது. ஊரில் எதைச் செய்வதானாலும் சபை மூப்பர்கள் முதலில் சாப்டர் அலுவலகத்தில்தான் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறார்கள்.

அவர்கள் தங்களைத் ‘தினே’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ‘மக்கள்’ என்று பொருள். நவஹோ என்றாலும் கோபித்துக்கொள்வதில்லை.

நாம் ‘இந்தியன்’ என்று சொன்னால் குழப்பம் வராதா?

வரும். முதல் வருடம் ஏழு வயதுப் பையன் ஒருவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்றான். நான் இந்தியன் என்றேன். “நானும்தான்” என்று சொல்லிவிட்டுத் தன் படத்துக்கு வண்ணம் தீட்டப் போய்விட்டான். மறுநாள் உலக உருண்டை ஒன்றைத் தேடிப்பிடித்து, கொலம்பஸ் எங்கே போகக் கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தான் என்று காட்டினேன். வகுப்பே சிரித்தது. பாடத்திட்டத்தில் இல்லாத அந்த ஐந்து நிமிடம்தான் அந்த வாரத்தில் உருப்படியாக நான் எடுத்த பாடம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஏழரைக்கு வேன் கிளம்பும். வீடுகள் நெருக்கமாக இல்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மைல் செம்மண் பாதை. பாதை முழுக்கத் தகரக் கூரைபோல வரிவரியாக மேடும் பள்ளமும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். ஓட்டுநர் சபை மூப்பர் ஒருவர். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் ஹாரன் அடிக்கக் கூடாது, எந்த வீட்டில் பாட்டி இரவு வேலைக்குப் போய்வந்து தூங்குகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதனால் வேனில் உதவிக்குப் போகும் நீங்கள் பேசாமல் கதவைத் திறந்து மூடினால் போதும்.

பிறகு பாட்டு, வேதபாடம், மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு, சாப்பாடு. தமிழ்நாட்டில் வி.பி.எஸ். நடத்தியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. நம் ஊரில் வயது வாரியாகப் பிரித்து உட்காரவைப்போம். அங்கே பத்து வயது அக்கா நான்கு வயதுத் தம்பியை மடியைவிட்டு இறக்கமாட்டாள். பிரிக்க முயலாதீர்கள். அக்காவையும் சேர்த்துச் சின்ன வகுப்பில் உட்காரவையுங்கள். அவள் உங்களுக்குச் சம்பளமில்லாத உதவி ஆசிரியை.

அந்த மக்களுக்குக் கிறிஸ்தவம் புதிதா? நாம்தான் சுவிசேஷம் சொல்லப் போகிறோமா?

இல்லை. அங்கே கிறிஸ்தவம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. பிரான்சிஸ்கன் துறவிகள் 1898-ல் செயின்ட் மைக்கேல்ஸில் வந்து இறங்கினார்கள். காலப் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரெகோபோத் பள்ளி 1903-ல் தொடங்கியது. நவஹோ மொழியில் புதிய ஏற்பாடு 1956-ல் வந்தது, முழு வேதாகமம் 1985-ல். நவஹோ போதகர்கள் நடத்தும் சபைகள் ஏராளம். கோடையில் கூடாரம் போட்டு இரவெல்லாம் எழுப்புதல் கூட்டம் நடத்துவார்கள். பாரம்பரியச் சடங்குகளைக் கடைப்பிடிப்பவர்கள், பெயோட்டி என்ற கள்ளிச்செடியை உண்ணும் சடங்கை மையமாகக் கொண்ட பூர்வீக அமெரிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், கத்தோலிக்கர், மார்மன்கள் என்று எல்லாரும் ஒரே குடும்பத்தில் இருப்பதும் சாதாரணம்.

ஆகவே நீங்கள் போவது அவர்கள் ஏற்கெனவே நடத்துகிற பள்ளிக்குக் கையாளாக. போதகர் சொன்னதைச் செய்வதுதான் வேலை. ‘ஆத்தும ஆதாயம்’ கணக்கெழுதும் பழக்கத்தைப் பீனிக்ஸிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் குழு வரும் ஊர்கள் உண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு புது அண்ணன் கண்ணை மூடச் சொல்லி, இயேசுவை ஏற்றுக்கொள்பவர்கள் கையை உயர்த்தச் சொல்கிறார். அந்தக் கோடையில் தான் ஐந்து தடவை கையை உயர்த்திவிட்டதாகப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் கணக்குச் சொன்னான். வருகிறவர்கள் ஆசைப்படுகிறார்கள், உயர்த்தாவிட்டால் வருத்தப்படுவார்கள் என்றான். ஐந்து குழுவும் ஊருக்குத் திரும்பி அவனை ஐந்து பேராகக் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

சபைகள்மேல் அவர்களுக்குக் கோபம் உண்டா?

பழைய காயம் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் போகவே கூடாது.

1864-ல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை அவர்கள் நிலத்திலிருந்து விரட்டி, முந்நூறு மைலுக்கு மேல் நடக்கவைத்து, நியூ மெக்சிகோவின் கிழக்கே போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்தது. வழியிலும் அங்கேயும் பசியாலும் நோயாலும் ஏராளமானோர் செத்தார்கள். 1868 ஜூன் 1-ல் உடன்படிக்கை எழுதி ஊர் திரும்பினார்கள். அந்த உடன்படிக்கையின் 6-வது பிரிவு, ஆறு முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. காகிதத்தில் நல்ல வாக்குறுதி. நடந்தது வேறு. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொலைதூர விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். தலைமுடியை வெட்டினார்கள்; பெயரை மாற்றினார்கள்; தாய்மொழி பேசினால் அடித்தார்கள். அப்படிப்பட்ட பள்ளிகள் பலவற்றை அரசின் பணத்தில் நடத்தியவை திருச்சபைகள். அமெரிக்க உள்துறை 2022-ல் வெளியிட்ட அறிக்கை நாடு முழுவதும் 408 விடுதிப் பள்ளிகளை அடையாளம் கண்டது. 2024 அக்டோபரில் அதிபர் பைடன் பீனிக்ஸுக்குப் பக்கத்தில் கீலா ரிவர் பழங்குடி நிலத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

நீங்கள் போகும் சபையின் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எழுபது எண்பது வயதுப் பாட்டி அந்தப் பள்ளியில் படித்தவராக இருக்கலாம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பைபிளோடு பிள்ளைகளை வண்டியில் ஏற்றிப்போகும் காட்சி அவருக்கு என்ன நினைவூட்டும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வேனை ஏன் ஊர்க்காரர்தான் ஓட்ட வேண்டும் என்று மூன்றாம் வருடம்தான் எனக்குப் புரிந்தது.

பிள்ளைகள் வீட்டுச் சடங்கைப் பற்றிப் பேசினால் என்ன சொல்வது?

கேளுங்கள். திருத்தாதீர்கள். தன் தாத்தா ஹதாலி, அதாவது சடங்குப் பாடகர், நோயாளிக்காக இரவெல்லாம் பாடுவார் என்று ஒரு பிள்ளை பெருமையாகச் சொன்னால், “உன் தாத்தாவுக்கு அவ்வளவு பாட்டும் மனப்பாடமா?” என்று கேட்கலாம். ஒரு சடங்கு ஒன்பது இரவுகள்கூட நீளும். பாட்டில் பிழை வரக் கூடாது. அது பிசாசின் வேலை என்று ஒரு தன்னார்வலர் சொல்லிவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் வேன் வந்தாலும் வெளியே வரமாட்டார்கள். வரவும் வேண்டியதில்லை.

ஒரு சிறுமி திங்கட்கிழமை வந்து, அதற்குப் பிறகு வாரம் முழுக்க வரவில்லை. வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நான் புலம்பினேன். சமையலறையில் இருந்த ஊர்க்கார அம்மா ஒருவர், “கினால்டா” என்று மட்டும் சொன்னார். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நான்கு நாள் நடக்கும் சடங்கு. விடியலில் கிழக்கு நோக்கி ஓட வேண்டும். ஒவ்வொரு நாளும் இன்னும் தூரமாக. சோளமாவை அரைத்து, தரையில் குழி வெட்டி, பெரிய வட்டப் பணியாரம் ஒன்றை இரவு முழுக்கச் சுட்டு ஊருக்கே பங்கு வைப்பார்கள். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு உறவு அழைத்து மொய் வைத்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம் இதைச் செய்யலாமா வேண்டாமா என்பது அவர்களுக்குள்ளேயே நடக்கும் விவாதம். நமக்கு அதில் வாக்கு இல்லை.

கைவேலை வகுப்புக்கு எதைக் கொண்டுபோகலாம்?

எதைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்கிறேன், ஏனென்றால் கொண்டுபோனவன் நான்.

முதல் வருடம் ஆந்தைப் படம் போட்ட இருநூறு ஸ்டிக்கர் வாங்கிப்போனேன். கண்ணாடி போட்ட ஆந்தை, கையில் புத்தகம். ‘ஞானம்’ என்ற தலைப்புக்குப் பொருத்தம் என்று நினைப்பு. மேசைமேல் பரப்பினேன். பிள்ளைகள் கிட்டே வரவில்லை. ஒருத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உதவிக்கு வந்த பாட்டி ஒன்றும் சொல்லாமல் தாள்களைக் குப்புறக் கவிழ்த்து அடுக்கி, சப்பாத்துப் பெட்டி ஒன்றில் போட்டு மூடி, வெளியே கொண்டுபோனார். திரும்பி வந்து, “நிலாவும் நட்சத்திரமும் வெட்டலாம்” என்றார். அவ்வளவுதான். ஆந்தை அவர்களுக்குக் கெட்ட சேதி கொண்டுவரும் பறவை என்று மாலையில் போதகர் சொன்னார். நம் ஊரில் ராத்திரி ஆந்தை அலறினால் என் ஆச்சி என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்திருந்தால் நானே புரிந்துகொண்டிருக்கலாம்.

பாம்புப் பொம்மையும் வேண்டாம். ஏதேன் தோட்டக் கதை, மோசேயின் கோல் கதை இரண்டும் வார்த்தையாகவே இருக்கட்டும். நூலை விரலில் கோத்து உருவம் காட்டும் விளையாட்டு நவஹோ மக்களிடம் மிக அழகாக உண்டு, ஆனால் அது சிலந்தி உறங்கும் குளிர்காலத்துக்கு மட்டும் உரியது. கோடையில் நூலை எடுக்காதீர்கள். குள்ளநரிக் கதைகளும் அப்படித்தான், பனிக்காலத்தில்தான் சொல்வார்கள். எல்லா வீடுகளும் இவற்றை ஒரே அளவில் பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் முந்தின நாளே பொருளை எடுத்துக்கொண்டுபோய்ப் பாட்டிகளிடம் காட்டிவிடுங்கள்.

உறவுமுறை எப்படி?

இங்கேதான் தமிழர்களுக்கு ஒரு சலுகை. நவஹோவில் குலம் தாய்வழி. பிள்ளை தாயின் குலத்தில் பிறந்து, தந்தையின் குலத்துக்காகப் பிறந்தது என்பார்கள். அறிமுகம் செய்துகொள்ளும்போது தாய், தந்தை, தாய்வழித் தாத்தா, தந்தைவழித் தாத்தா என நான்கு குலத்தையும் சொல்வார்கள். சொந்தக் குலத்தில் பெண் எடுப்பதில்லை. அம்மாவுக்கு ‘ஷிமா’, அம்மாவின் தங்கைக்கு ‘ஷிமா யாஜி’. யாஜி என்றால் சின்ன. ஆக, சொல்லுக்குச் சொல் ‘சின்னம்மா’தான்! சின்னம்மா பிள்ளைகள் அண்ணன் தம்பி அக்கா தங்கைகள். அங்கே வரும் வெள்ளைக்காரத் தன்னார்வலர்கள், “அவள் உன் சொந்தத் தங்கையா, உறவுக்காரப் பெண்ணா?” என்று பிள்ளைகளைக் குடைந்துகொண்டிருப்பார்கள். நாம் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டோம்.

அம்மாவழிப் பாட்டி ஷிமாசானி. பல பிள்ளைகளை வளர்ப்பதே பாட்டிகள்தான். 2020 மே மாதத்தில் மக்கள்தொகை விகிதப்படி கொரோனா தொற்றில் நவஹோ நாடு நியூ யார்க் மாநிலத்தையே தாண்டியது. பல வீடுகளில் போனவர்கள் பெரியவர்கள். ஆனால் இறந்தவர்களைப் பற்றி அங்கே வாய்விட்டுப் பேசுவதில்லை; நீங்களாகக் கேட்காதீர்கள். உயிர்த்தெழுதல் பாடத்தையும் கல்லறைப் படம் ஒட்டிக் கைவேலையாக்க வேண்டாம்.

நடத்தையில் கவனிக்க வேண்டியவை?

விரலை நீட்டி ஆளைக் காட்டாதீர்கள்; அவர்கள் உதட்டைக் குவித்துத் திசை காட்டுவார்கள். கைகுலுக்கல் மென்மையாக, தொட்டும் தொடாமலும் இருக்கும். இறுக்கிப் பிடித்து ஆட்ட வேண்டாம். பிள்ளை கண்ணைப் பார்க்காமல் பேசினால் அது மரியாதை. கேள்வி கேட்டதும் பதில் வராது. பத்து விநாடி காத்திருங்கள். நாம் அந்தப் பத்து விநாடிக்குள் மூன்று கேள்வி கேட்டுவிடுகிறோம். மது வேண்டவே வேண்டாம். ஓரிரு விதிவிலக்கான இடங்கள் தவிர அங்கே அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

மொழி?

பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவார்கள். பெரியவர்களுக்கு நவஹோ. வணக்கத்துக்கு ‘யா-அத்-ஏ’, நன்றிக்கு ‘அஹேஹே’. தொண்டைக்குள் வெட்டி நிறுத்தும் ஒலிகளும் ஏற்ற இறக்கமும் நமக்கு லேசில் வராது. தப்பாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் திருத்துவார்கள், அவர்களுக்கு அதில் பெரிய சந்தோஷம். ஜப்பானியர்களால் உடைக்கவே முடியாத ரகசியக் குறியீட்டை இரண்டாம் உலகப் போரில் இந்த மொழியில்தான் அமைத்தார்கள். 1942-ல் முதலில் சேர்ந்த நவஹோ வீரர்கள் 29 பேர். அடித்து மறக்கவைக்க முயன்ற அதே மொழி.

தங்குமிடம், தண்ணீர், உடல்நலம்?

சபைக் கூடத்தின் தரையில் படுக்கை. கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் ஆறாயிரம் அடி உயரம், வறண்ட காற்று; முதல் நாள் தலை வலிக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் மழை திடீரென்று கொட்டும்; காய்ந்த ஓடையில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. பீப்பாயில் ஏற்றிவந்து சேமிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் உங்களுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தால் மிச்சம் வைக்காமல் குடியுங்கள். தெரியாத கிணற்றுத் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். 1944 முதல் 1986 வரை அந்த நிலத்தில் ஏறத்தாழ மூன்று கோடி டன் யுரேனியத் தாது தோண்டினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்களை அப்படியே விட்டுப்போனார்கள். சில கிணறுகளில் அது இறங்கியிருக்கிறது.

இன்னொன்று, பலர் சிரிப்பார்கள், ஆனால் உயிர்ச் சமாச்சாரம்: பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். 1993-ல் இந்தப் பகுதியில்தான் ஹான்டா வைரஸ் நுரையீரல் நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. மான் எலியின் எச்சம் காய்ந்து தூசியாகப் பறந்து மூச்சில் போனால் வரும். அறையைத் திறந்து அரை மணி காற்றாடவிட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவைத்து, ஈரத்துணியால் துடையுங்கள்.

சாப்பாடு?

பிரமாதம். ஆட்டுக்கறிக் குழம்பு, நீலச் சோளக் கஞ்சி, தட்டு அகலத்துக்கு உப்பிய பூரிபோன்ற பொரித்த ரொட்டி. அந்த ரொட்டிக்குப் பின்னால் போஸ்கே ரெடோண்டோவில் ராணுவம் அளந்து கொடுத்த மைதாவும் கொழுப்பும் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் மூட்டை கொண்டுபோகாதீர்கள். நீரிழிவு அங்கே வீட்டுக்கு வீடு. நொறுக்குத் தீனிக்கு இரண்டு சதவீதம் கூடுதல் வரி போட்ட ஊர் அது. 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. மளிகைக் கடை தூரம், நல்ல பழம் அபூர்வம். ஒரு பெட்டி ஆரஞ்சு கொண்டுபோனால் நீங்கள்தான் ராஜா.

பழைய துணி, பொம்மை கொண்டுவரலாமா?

கேட்காமல் வேண்டாம். ஒற்றைச் சப்பாத்து இருந்த பெட்டியை நான் பிரித்திருக்கிறேன். கூடத்துக்கு வண்ணம் அடிக்கிறோம் என்றும் கிளம்பாதீர்கள். ஒரு கோடையில் நாங்கள் வியர்வை வழிய அடித்து முடித்த சுவரை மூன்று வாரம் முன்புதான் வேறொரு குழு அடித்திருந்தது. மூப்பர் எங்கள் மனம் நோகக் கூடாதென்று சொல்லாமல் இருந்துவிட்டார்.

பின்னணிச் சரிபார்ப்பு உண்டா? படம் எடுக்கலாமா?

காவல்துறைப் பதிவுச் சரிபார்ப்பு இல்லாமல் பிள்ளைகள் பக்கம் போக முடியாது, போகவும் கூடாது. எந்தப் பிள்ளையுடனும் தனியே அறையில் இருக்காதீர்கள். படம்: பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒரு முகம்கூட வேண்டாம். சடங்கை எடுக்கவே கூடாது. உங்கள் பிள்ளையின் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்தில் போட்டால் சும்மா இருப்பீர்களா?

இந்தியாவிலிருந்து இதற்காகவே வரலாமா?

விமான டிக்கெட் காசில் உங்கள் ஊருக்குப் பக்கத்து மலைக் கிராமத்தில் நான்கு வருடம் வி.பி.எஸ். நடத்தலாம். வேண்டாம்.

நேரக் குழப்பம் என்கிறார்களே?

அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளிவைப்பதில்லை. நவஹோ நாடு வைக்கிறது. ஆகவே கோடையில் பீனிக்ஸில் எட்டு மணி என்றால் சின்லியில் ஒன்பது. நவஹோ நிலத்தால் சூழப்பட்ட ஹோப்பி நிலம் மறுபடி அரிசோனா நேரம். டூபா சிட்டி வழியாக ஹோப்பி ஊர்களைக் கடந்து போனால் கைப்பேசி மணிக்கு ஒரு நேரம் காட்டும். வேனில் இருக்கும் கடிகாரத்தை மட்டும் நம்புங்கள்.

பிள்ளைகள் “அடுத்த வருடம் வருவீர்களா?” என்று கேட்டால்?

வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். விடுப்பு உறுதியாகாமல் வருகிறேன் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களின் பட்டியல் அவர்களிடம் நீளம். ஊர் ஊராக மாறிப்போகாமல் ஒரே சபைக்குப் போங்கள்.

முதல் வருடம் ஐந்து நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாத சிறுமி ஒருத்தி இருந்தாள். ஆந்தையைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டவள். அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இரண்டாம் வருடம் கடிகாரத்தை மாற்ற மறந்து போய்ச் சேர்ந்தேன். எல்லாரும் பாட்டு முடித்து வகுப்புக்குப் போயிருந்தார்கள். கூடத்து வாசற்படியில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், “ஒரு மணி நேரம் தாமதம்” என்றாள்.